திவாலான தேசம் நடத்திய திருவிழா

1893 டிசம்பரில் கிரேக்க நாடாளுமன்றத்தில் பிரதமர் திரிகூபிஸ் எழுந்து நின்று, நாடு திவாலாகிவிட்டது என்று அறிவித்தார். உலர்திராட்சை ஏற்றுமதியை நம்பிப் பிழைத்த நாடு அது. திராட்சை விலை சரிந்தது. வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி கட்டக்கூடக் கஜானாவில் காசில்லை. இந்த அறிவிப்பு வந்து ஆறே மாதத்தில், பாரிஸ் நகரத்துச் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கூடிய கனவான்கள் சிலர் ஒரு தீர்மானம் போட்டார்கள்: உலக நாடுகள் கலந்துகொள்ளும் ஒலிம்பிக் விளையாட்டு விழா 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடைபெறும். கிரேக்க அரசை யாரும் கேட்கவில்லை. பெண் வீட்டாரைக் கேட்காமலே கல்யாணத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்த மாதிரி.

ஆனாலும் அந்தக் கல்யாணம் நடந்தது. எப்படி நடந்தது, யார் செலவில் நடந்தது, யாருக்கெல்லாம் பந்தியில் இடம் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

'நவீன ஒலிம்பிக்கின் தந்தை யார்?' என்ற கேள்விக்குப் பொது அறிவுப் புத்தகங்கள் ஒற்றைப் பெயரில் பதில் சொல்லிவிடும்: பியர் டி கூபர்டின். தப்பில்லை. ஆனால் கூபர்டின் பிறப்பதற்கு முன்பே ஏதென்ஸில் ஓர் ஒலிம்பிக் நடந்து முடிந்திருந்தது. இங்கிலாந்தின் சின்ன ஊர் ஒன்றில் ஒரு டாக்டர் ஆண்டு தவறாமல் ஒலிம்பிக் நடத்திக்கொண்டிருந்தார். அந்த விழாக்களில் யார் வேண்டுமானாலும் ஓடலாம். பிறகுதான் 'யார் ஓடலாம்' என்பது பெரிய கேள்வியானது.

சமையல்காரர் ஜெயித்த ஓட்டம்

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கி.மு. 776 என்பது மரபாகச் சொல்லப்படும் தொடக்க ஆண்டு. கிரேக்கத்தின் மேற்கே, ஆல்ஃபியோஸ், கிளாடியோஸ் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் ஒலிம்பியா. அங்கே ஜீயஸ் தெய்வத்தின் கோயில். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தக் கோயில் திருவிழாவில் ஓர் ஓட்டப் பந்தயம். தூரம் சுமார் 192 மீட்டர். ஜெயித்தவர் எலிஸ் நாட்டைச் சேர்ந்த கொரோய்போஸ். சமையல் வேலை பார்த்தவர் என்பார்கள். வென்றவர் தலைக்கு ஆலிவ் இலை வளையம். இரண்டாவது, மூன்றாவது இடங்களுக்கு ஒன்றும் கிடையாது.

போட்டியாளர்கள் நிர்வாணமாகக் களமிறங்கினார்கள். சுதந்திரமான கிரேக்க ஆண்களுக்கு மட்டுமே இடம், அடிமைகளுக்கு இல்லை. மணமான பெண்கள் பார்க்கவே வரக்கூடாது. ஆனால் தேர்ப்பந்தயத்தில் பரிசு தேரோட்டிக்கு அல்ல, குதிரையின் உரிமையாளருக்கு. அந்தச் சந்தில் நுழைந்து ஸ்பார்ட்டாவின் இளவரசி கினிஸ்கா கி.மு. 396-இலும் 392-இலும் ஒலிம்பிக் வெற்றியாளர் ஆனாள்.

எல்லாம் புனிதமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். கி.மு. 388-இல் யூபோலஸ் என்ற குத்துச்சண்டை வீரர் எதிராளிகளுக்கு லஞ்சம் கொடுத்து மாட்டிக்கொண்டார். அவருக்கும் லஞ்சம் வாங்கியவர்களுக்கும் போட்ட அபராதத்தில் ஜீயஸின் வெண்கலச் சிலைகளை வார்த்து, மைதானத்துக்குப் போகிற வழியில் வரிசையாக நிறுத்தினார்கள். பின்னாளில் பிடிபட்டவர்களின் பணத்திலும் சிலைகள் கூடிக்கொண்டே போயின. கி.பி. 67-இல் ரோமச் சக்கரவர்த்தி நீரோவின் வசதிக்காகத் திருவிழாத் தேதியே மாற்றப்பட்டது. பத்துக் குதிரை பூட்டிய தேரிலிருந்து அவர் கீழே விழுந்தார். பந்தயத்தை முடிக்கவும் இல்லை. வென்றவர் அவரே என்று நடுவர்கள் அறிவித்தார்கள். அவர் செத்தபிறகுதான் அந்த வெற்றியை ரத்துசெய்யும் தைரியம் வந்தது.

பழைய கிரேக்கர்கள் காசுக்கு ஆடாத உத்தமர்கள் என்று 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பிரபுக்கள் நம்பினார்கள், அல்லது நம்ப விரும்பினார்கள். ஒலிம்பியாவில் இலை மட்டுமே கிடைத்தது உண்மை. ஊர் திரும்பினால் கதை வேறு. ஒலிம்பிக் வெற்றியாளருக்கு 500 ட்ராக்மா தரவேண்டும் என்று ஏதென்ஸில் சோலன் சட்டம் போட்டதாக ப்ளூட்டார்க் எழுதுகிறார். ஊர்ச் செலவில் வாழ்நாள் முழுக்கச் சாப்பாடும் உண்டு.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிறிஸ்தவரான ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பழைய தெய்வ வழிபாடுகளைத் தடை செய்தார். விழா ஓய்ந்தது. நிலநடுக்கம் கோயிலைச் சாய்க்க, ஆறுகள் வண்டல் கொண்டுவந்து மூட, ஒலிம்பியா பல அடி மண்ணுக்கடியில் போய்விட்டது. 1766-இல் ரிச்சர்ட் சாண்ட்லர் என்ற ஆங்கிலேயர் அந்த இடத்தை அடையாளம் கண்டார். 1875 முதல் 1881 வரை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் குர்ட்டியுஸ் தலைமையில் முறையான அகழாய்வு நடந்தது. கிடைப்பதெல்லாம் கிரேக்கத்துக்கே சொந்தம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிவிட்டுத் தோண்டினார்கள். தோண்டியதையெல்லாம் கப்பலேற்றிக்கொண்டு போன அந்தக் காலத்தில் இது அபூர்வம்.

வியாபாரியும் டாக்டரும்

குர்ட்டியுஸ் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே ஆசை முளைத்துவிட்டது. துருக்கிய ஆட்சியிலிருந்து விடுபட்ட புதிய கிரேக்கத்தில், 1830-களிலேயே பனயோட்டிஸ் சூட்ஸோஸ் என்ற கவிஞர் பழைய ஒலிம்பிக்கை மீட்கவேண்டும் என்று எழுதத் தொடங்கியிருந்தார். கவிஞர் கேட்டதற்குக் காசு கொடுக்க ஒருவர் வந்தார். அவர்தான் எவாங்கெலோஸ் ஸாப்பாஸ்.

இன்றைய அல்பேனியாவில் பிறந்து, விடுதலைப் போரில் துப்பாக்கி தூக்கி, பிறகு இன்றைய ருமேனியாவில் நிலமும் வியாபாரமுமாகப் பெரும் பணம் சேர்த்தவர் ஸாப்பாஸ். 1856-இல் மன்னர் ஓட்டோவுக்கு எழுதினார்: ஒலிம்பிக்கை நடத்துங்கள், செலவு என்னுடையது. அரசுக்கு இது சங்கடம். வெளியுறவு அமைச்சர் ரங்காவிஸுக்கு ஓட்டப் பந்தயமெல்லாம் காலாவதியான சமாச்சாரம். நாட்டுக்கு வேண்டியது தொழிற்சாலை, கலப்பை, கண்காட்சி. கடைசியில் சமரசம் செய்து, விவசாய-தொழில் கண்காட்சியின் ஓரத்தில் விளையாட்டையும் ஒட்டவைத்தார்கள். 1859 நவம்பரில் ஏதென்ஸின் ஒரு சதுக்கத்தில் அந்தப் போட்டி நடந்தது. ஏற்பாடு படுமோசம். கூட்டத்தை அடக்க வந்த போலீஸ்காரர் ஒருவரே ஓட்டத்தில் சேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். சிரிக்கலாம். ஆனால் எனக்கென்னவோ இந்தக் காட்சியில்தான் ஒலிம்பிக் உயிரோடு தெரிகிறது.

ஸாப்பாஸ் 1865-இல் காலமானார். உயில்படி அவர் பணத்தில் பழைய பனதினைக் மைதானத்தைத் தோண்டி எடுத்துச் சீர்செய்தார்கள். 1870-இல் அங்கே நடந்த இரண்டாவது போட்டியைப் பார்க்க சுமார் 30,000 பேர் திரண்டார்கள். வென்றவர்களில் கூலித் தொழிலாளிகளும் கல் தச்சர்களும் இருந்தார்கள். படித்த வட்டாரத்துக்கு இது பிடிக்கவில்லை. அடுத்த போட்டியை, 1875-இல், 'பண்புள்ள வகுப்பு' மாணவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஆட்கள் குறைந்தார்கள், விழா சோபிக்கவில்லை. ஸாப்பாஸ் பணத்தில் எழுந்த ஸாப்பியோன் மண்டபம் இன்றும் ஏதென்ஸ் நடுவில் நிற்கிறது. அவருடைய தலை அந்தக் கட்டடத்தின் சுவருக்குள் வைக்கப்பட்டிருக்கிறது, உடல் வேறிடத்தில்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில், மச் வென்லாக் என்ற சிற்றூரில், வில்லியம் பென்னி ப்ரூக்ஸ் என்ற டாக்டர் ஊர் மக்களுக்காக ஒரு நூலகச் சங்கம் நடத்தினார். வாசிப்பு மட்டும் போதாது, உடம்பும் தேறவேண்டும் என்று 1850-இல் ஓர் 'ஒலிம்பியன்' பிரிவு தொடங்கினார். முக்கியமாக உழைக்கும் மக்களுக்காக என்று அதன் நோக்கத்திலேயே எழுதிவைத்தார். அந்த ஆண்டு அக்டோபரில் முதல் போட்டி: கிரிக்கெட், கால்பந்து, ஓட்டம், தாண்டுதல். வெவ்வேறு ஆண்டுகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு தள்ளுவண்டி ஓட்டும் பந்தயமும், கிழவிகளுக்கு ஓர் ஓட்டமும் இருந்தன. கிழவிகளுக்குப் பரிசு ஒரு பவுண்டு தேயிலை.

வேடிக்கை மனிதர் என்று ப்ரூக்ஸை ஒதுக்கிவிட முடியாது. 1859-இல் ஏதென்ஸ் போட்டி பற்றிக் கேள்விப்பட்டதும் பத்து பவுண்டு பரிசுப் பணம் அனுப்பினார். 1866-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் தேசிய ஒலிம்பியன் போட்டியை நடத்தினார். அதில் தடை ஓட்டம் ஒன்றில் வென்ற இளைஞர்தான் பின்னாளில் கிரிக்கெட் ஜாம்பவானாகிய டபிள்யூ.ஜி. கிரேஸ். அதே ஆண்டு லண்டன் கனவான்கள் போட்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, கைவினைஞர்களும் கூலிகளும் சேரக்கூடாது என்று விதி வகுத்தார்கள். 'அமெச்சூர்' என்ற சொல்லுக்கு அன்று இருந்த உண்மைப் பொருள் இதுதான்: வேலை செய்து பிழைக்காதவர். 1880-களில் ப்ரூக்ஸ், சர்வதேச ஒலிம்பிக் ஒன்றை ஏதென்ஸில் நடத்தலாமே என்று கிரேக்க அரசைக் கேட்டார். பதில் சாதகமாக வரவில்லை.

1890 அக்டோபரில் 27 வயது பிரெஞ்சுப் பிரபு ஒருவர் மச் வென்லாக் வந்தார். 81 வயது டாக்டர் அவருக்காகத் தனிப் போட்டியே நடத்திக் காட்டினார். அவர் வருகையின் நினைவாக ஒரு ஓக் மரமும் நட்டார்கள். பாரிஸ் திரும்பிய கூபர்டின், ஒலிம்பிக் இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் கிரேக்கர் யாருமல்ல, டாக்டர் ப்ரூக்ஸ்தான் என்று எழுதினார். பின்னாளில் அவர் தன் கதையைச் சொன்னபோது அந்தப் பெயர் ஓரத்துக்குப் போய்விட்டது. 1994-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் சமராஞ்ச் மச் வென்லாக் போய் டாக்டரின் கல்லறையில் மலர்வளையம் வைத்து, நவீன ஒலிம்பிக்கின் உண்மையான நிறுவனருக்கு மரியாதை செலுத்த வந்ததாகச் சொன்னார். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஒற்றைக்கண் சின்னப் பொம்மைக்கு வென்லாக் என்று பெயர். ஊர்க்காரர்கள் தங்கள் போட்டியை இன்னமும் நடத்துகிறார்கள்.

பிரபுவின் சாமர்த்தியம்

அப்படியானால் கூபர்டின் என்ன செய்தார்? ஸாப்பாஸிடம் பணம் இருந்தது, ப்ரூக்ஸிடம் ஊர் இருந்தது. கூபர்டினிடம் இருந்தது ஆள்பிடிக்கும் கலை. ஊரூராக நடந்துகொண்டிருந்ததை உலக விழாவாக்கியது அவர்தான். அதை மறுக்க முடியாது. 1870-71 போரில் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்சில் வளர்ந்தவர். இளைஞர்கள் பலவீனமாக இருப்பதே தோல்விக்குக் காரணம், இங்கிலாந்துப் பள்ளிகளைப் போல விளையாட்டைப் பாடத்தோடு சேர்க்கவேண்டும் என்று ஓயாமல் வாதாடியவர்.

1892 நவம்பரில் சோர்போனில் ஒலிம்பிக்கை மீட்போம் என்று முதன்முதலாக முழங்கினார். கைதட்டினார்கள், கலைந்தார்கள். இரண்டாவது முறை அவர் கற்றுக்கொண்டார். 1894 ஜூனில் கூட்டிய மாநாட்டின் அறிவிக்கப்பட்ட பொருள் அமெச்சூர் விதிகள். ஒலிம்பிக் அதன் வால். டெல்ஃபியில் சற்றுமுன் கண்டெடுத்த அப்பல்லோ துதிப்பாடலுக்கு காப்ரியல் ஃபோரேவின் இசையமைப்பு, பாடகர் குழு, பெரிய மண்டபம். உருகிப்போனவர்கள் ஜூன் 23 அன்று ஒருமனதாகக் கை தூக்கினார்கள். 1900-இல் பாரிஸில் தொடங்குவதாகத்தான் கூபர்டினின் எண்ணம். ஆறு வருஷம் காத்திருந்தால் ஆர்வம் ஆறிவிடும் என்று 1896-க்கு முன்னகர்த்தி, ஏதென்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பாரிஸில் வசித்த கிரேக்க எழுத்தாளர் திமித்ரியோஸ் விகேலாஸ் ஒலிம்பிக் கமிட்டியின் முதல் தலைவர்.

திவாலான பிரதமர் திரிகூபிஸ் என்ன சொல்வார்? முடியாது என்றார். ஸாப்பியோன் அறக்கட்டளைத் தலைவரும் கைவிரித்தார். கூபர்டின் நேரில் போய், சில இலட்சம் ட்ராக்மாவில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கைப் பிற்காலத்தில் ஒலிம்பிக் நடத்திய எந்த நகரமும் நம்பியிருக்காது. இளவரசர் கான்ஸ்டன்டைன் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 1895 தொடக்கத்தில் திரிகூபிஸ் பதவி விலகினார்.

பணம் வந்த வழி சுவாரசியமானது. பொதுமக்கள் நன்கொடை 3,30,000 ட்ராக்மா. உலகின் முதல் ஒலிம்பிக் தபால்தலைகளை விற்றதில் 4,00,000. டிக்கெட்டில் 2,00,000. இவை போதாதென்று, அலெக்சாந்திரியாவில் வணிகம் செய்த கிரேக்கர் ஜார்ஜ் அவெரோஃப் தனி ஒருவராக 9,20,000 கொடுத்தார். அதில் பனதினைக் மைதானம் வெள்ளைப் பளிங்கில் எழுந்தது. நாட்டில் அரசாங்கம்தான் திவால். வெளிநாட்டில் சம்பாதித்த பிள்ளைகள் திவாலாகவில்லை. ஸாப்பாஸும் அப்படித்தான், அவெரோஃபும் அப்படித்தான்.

தண்ணீர்க்காரரும் ஒரு தாயும்

1896 ஏப்ரல் 6, ஈஸ்டர் மறுநாள், மன்னர் ஜார்ஜ் விழாவைத் தொடங்கிவைத்தார். 14 நாடுகள், 241 வீரர்கள், 43 போட்டிகள். நாடு அணி தேர்ந்தெடுத்து அனுப்புவதெல்லாம் பிறகு வந்தது. அன்று யாருக்கு வரத் தோன்றியதோ அவர்கள் வந்தார்கள். ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஜான் போலண்ட் டென்னிஸில் பெயர் கொடுத்து இரண்டு பரிசுகளோடு போனார். பளு தூக்குதலில் வென்ற பிரிட்டன்காரர் லான்செஸ்டன் எலியட் பிறந்தது பம்பாய் மாகாணத்தில். முதல் நாள் மும்முறைத் தாண்டுதலில் வென்று, நவீன ஒலிம்பிக்கின் முதல் வெற்றியாளரானார் அமெரிக்கரான ஜேம்ஸ் கானலி. வென்றவர்களுக்கு வெள்ளிப் பதக்கமும் ஆலிவ் கிளையும். தங்கம் அன்று கிடையாது.

பிரின்ஸ்டன் மாணவர் ராபர்ட் காரெட், பழைய வர்ணனைகளைப் பார்த்து ஒரு இரும்பு வட்டு செய்யச் சொல்லிப் பயிற்சி எடுத்திருந்தார். அது தூக்கவே முடியாத கனம். ஏதென்ஸில் உண்மையான வட்டு வெறும் இரண்டு கிலோதான் என்று பார்த்ததும் சந்தோஷமாகக் களமிறங்கி, கடைசி வீச்சில் 29.15 மீட்டர் எறிந்து, கிரேக்கர்களின் சொந்த விளையாட்டிலேயே அவர்களை வென்றார். நீச்சலுக்குக் குளம் கிடையாது. படகில் கடலுக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கரைக்கு நீந்தி வா என்றார்கள். குளிர் தாங்க உடம்பெல்லாம் கொழுப்புப் பூசிக்கொண்டு குதித்தார் ஹங்கேரியின் ஆல்ஃபிரெட் ஹயோஷ். சிறுவயதில் தன் தந்தை டான்யூப் ஆற்றில் மூழ்கி இறந்தபின் நீச்சலில் தீவிரமானவர். இரண்டு பரிசுகள் வென்ற அவர், ஜெயிக்கவேண்டும் என்பதைவிட உயிர் பிழைக்கவேண்டும் என்ற எண்ணமே பெரிதாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

மாரத்தான் பழைய ஒலிம்பிக்கில் இருந்ததே இல்லை. அங்கே மிக நீண்ட ஓட்டமே ஐந்து கிலோமீட்டருக்குள்தான். மாரத்தான் போர்க்களத்திலிருந்து ஓடிவந்து செய்தி சொன்ன வீரனின் பழங்கதையைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் ப்ரெயால் தந்த யோசனை அது. வெள்ளிக் கோப்பையும் அவர் உபயம். ஏப்ரல் 10 அன்று 17 பேர் கிளம்பினார்கள், அதில் 13 பேர் கிரேக்கர்கள். சுமார் 40 கிலோமீட்டர். அதுவரை தடகளத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரும் வெல்லவில்லை. மைதானம் வாடிக் கிடந்தது. மாரூஸி ஊரில் தண்ணீர் சுமந்து விற்ற ஸ்பிரிடோன் லூயிஸ் வழியில் ஒரு கோப்பை வைன் குடித்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார் என்பார்கள். 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் அவர் பளிங்கு மைதானத்துக்குள் நுழைந்தபோது, இரண்டு இளவரசர்கள் கூடவே ஓடினார்கள். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டதற்கு, தண்ணீர் இழுக்கக் கழுதையும் வண்டியும் கேட்டார் என்று கதை. கனவான்களுக்காக விதி எழுதிய விழாவின் நாயகன் ஒரு தண்ணீர்க்காரர்! அதற்குப் பிறகு அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. மூன்றாவதாக வந்த பெலோகாஸ் வழியில் ஒரு பகுதியை வண்டியில் கடந்ததாகப் புகார் எழுந்து இடத்தை இழந்தார்.

மறுநாள் அதே சாலையில் தனியாக ஒருத்தி ஓடினாள். ஸ்டமாட்டா ரெவிதி, கைக்குழந்தைக்காரி, ஏழை. முந்தைய நாள் ஓட்டத்தில் அவளைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் ஓடி முடித்தவளை மைதானத்துக்குள் விடவில்லை. அந்த விழாவில் பெண்களுக்கு ஒரு போட்டிகூட இல்லை. பெண்கள் ஆடுவதைக் கூபர்டின் கடைசிவரை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

செத்துப் பிழைத்தது

கிரேக்கர்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஒலிம்பிக் இனி நிரந்தரமாக ஏதென்ஸில்தான் என்றார்கள். அடுத்த ஆண்டே துருக்கியோடு போர், தோல்வி. பேச்சு அடங்கியது.

பிறகு வந்த இரண்டு விழாக்களும் விழாவையே கொன்றிருக்கவேண்டும். 1900 பாரிஸில் உலகக் கண்காட்சிக்குள் போட்டிகளைக் கரைத்து, மே முதல் அக்டோபர் வரை இழுத்தார்கள். தாங்கள் ஆடுவது ஒலிம்பிக் என்றே பலருக்குத் தெரியாது. கோல்ஃபில் வென்ற அமெரிக்கப் பெண் மார்கரெட் ஆபட் 1955-இல் இறக்கும்வரை அதை அறியவில்லை. கிரிக்கெட்டும் இருந்தது, மொத்தமே ஒரு ஆட்டம். இனி 2028 லாஸ் ஏஞ்சலஸில்தான் அது திரும்புகிறது. கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிச்சர்ட் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டாமிடம் பிடித்தார். ஒலிம்பிக் ஏட்டில் இந்தியாவின் முதல் பதக்கங்கள் அவை. பின்னாளில் அவர் ஹாலிவுட் மௌனப்படங்களில் நடிக்கப் போய்விட்டார்.

1904 செயின்ட் லூயிஸ் இன்னும் மோசம். மாரத்தானில் ஒருவர் காரில் ஏறிவந்து கோட்டைத் தொட்டார். உண்மையில் வென்றவருக்கு வழியில் ஸ்ட்ரிக்னைன் என்ற விஷத்தை ஊக்கமருந்தாகக் கொடுத்து ஓடவைத்தார்கள். கண்காட்சியில் காட்சிப்பொருளாக நிறுத்தியிருந்த பழங்குடி மக்களைப் பிடித்துவந்து ஓடவும் எறியவும் விட்டு, நாகரிகத்தின் உயர்வை நிரூபித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். ஒலிம்பிக் வரலாற்றிலேயே அசிங்கமான பக்கங்களில் ஒன்று இது. கூபர்டின் அந்த ஊருக்கே போகவில்லை.

விழாவைக் காப்பாற்றியது மறுபடியும் ஏதென்ஸ். 1906-இல் அவர்கள் நடத்திய இடைக்கால விழாவை இன்று ஒலிம்பிக் கமிட்டி கணக்கில்கூடச் சேர்ப்பதில்லை. அன்று அது இல்லாமல் போயிருந்தால் 1908 லண்டன் விழா வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அமெச்சூர் விதி மட்டும் எளிதில் சாகவில்லை. 1912 ஸ்டாக்ஹோமில் பெண்டத்லான், டெகத்லான் இரண்டிலும் வென்ற அமெரிக்கப் பூர்வகுடி வீரர் ஜிம் தோர்ப், அதற்கு முன்பு சில்லறைக் காசுக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று சொல்லிப் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். அதே ஸ்டாக்ஹோமில் இலக்கியப் போட்டிக்கான தங்கத்தைப் புனைபெயரில் எழுதி வென்றவர் கூபர்டின். தோர்ப் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1982-இல் பாதி நியாயம் கிடைத்தது. அவரே ஒரே வெற்றியாளர் என்று முழுமையாக ஒப்புக்கொண்டது 2022-இல்.

பெண்களுக்கு மாரத்தான் வர 1984 லாஸ் ஏஞ்சலஸ்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ரெவிதி ஓடி 88 ஆண்டுகள். ஆண்களின் மாரத்தானைக் கடைசியில் வைப்பதே வெகுகாலமாக வழக்கம். 2024 பாரிஸில் அதை மாற்றி, நிறைவு நாளில் பெண்களை ஓடவிட்டார்கள். எத்தியோப்பியாவிலிருந்து அகதியாக நெதர்லாந்து வந்த சிஃபான் ஹசன் 2 மணி 22 நிமிடம் 55 விநாடியில் வென்றார். லூயிஸின் நேரத்தைவிட 35 நிமிடத்துக்கும் மேல் குறைவு. அதுவும் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடி.